கை காட்டினால் நிற்பவர்

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் முகம் வருவதில்லை. பிரேக் சத்தம்தான் வருகிறது. ஒரு நீண்ட கீச்சு, அதன் பின்னால் ஒரு பெருமூச்சு, அதற்கும் பின்னால் புழுதி. புழுதி அடங்கியபிறகுதான் மெல்ல மெல்ல ஆள் தெரிவார். நரைத்த மீசை, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வலது முழங்கை. அந்த ஒரு கை மட்டும் மற்றக் கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். வெயில் முப்பது வருடமாக அந்தக் கையில்தான் குந்தியிருந்தது.

பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகும் பஸ் அவருடையது. அவருடையது என்றால் அவர் ஓட்டியது. எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று கேட்டால், இடையில் யுத்தத்தால் எல்லாரும் ஓடித்திரிந்த காலத்தைக் கழித்துப்போட்டல்லவா சொல்லவேண்டும் என்று விரல் மடக்கத் தொடங்குவார். ஒருநாளும் அந்தக் கணக்கை முடித்ததில்லை.

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்குத் தெரியும், அதில் ஓட்டுவதற்குத் திறமை வேண்டியதில்லை. கிடத்தி வைத்த கயிறு மாதிரி நேராகக் கிடக்கும். முதலில் வயல், பிறகு வெளி, பிறகு உப்புக்காற்று, பிறகு தூரத்தில் தகடாய் மின்னுகிற கடல்நீர். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வானம்தான் அதிகம், நிலம் கொஞ்சம். “எங்கட றோட்டில மாடு படுத்தால்தான் வளைவு” என்பார்.

கை காட்டினால் நிற்பார். தரிப்பிடம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை. மனிதர் நிற்கிற இடம்தான் தரிப்பிடம். கை காட்டாவிட்டாலும் நிற்பார். ஒருமுறை நானே அந்த பஸ்ஸில் இருந்தேன். ஒரு வளவுக்குள்ளே ஓர் அம்மா கொண்டை முடிந்துகொண்டு நின்றார். இவர் நிறுத்திவிட்டார். அந்த அம்மா கொண்டையை முடிந்து, கோழிக்கூட்டைச் சாத்தி, வேலிப் படலையைக் கட்டி, பாதி வழியில் திரும்பிப் போய்க் குடையை எடுத்துவந்து ஏறினார். எங்கே போகிறீர்கள் என்று கொண்டக்டர் கேட்க, “போறதெண்டு யோசிக்கேல்லைத்தான், பஸ் நிண்டபடியால் வாறன்” என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. பின்சீற்றிலிருந்து ஒருவர், “அண்ணை, அங்க பனையில ஒரு காகம் செட்டையைத் தூக்கினது, காணேல்லையோ?” என்று கேட்டார். அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கும் நிறுத்தினார்.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கேட்டேன். தத்துவம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். “அடுத்த பஸ் பின்னேரம்தானே, தம்பி” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் குணத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தார். நாங்கள் கிளிநொச்சியில் குளத்தடிக்குக் கிட்ட ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எட்டு வருடம் இருந்தோம். அவர் எனக்கு அண்ணை, அவா எனக்கு அக்கா. ஊருக்கெல்லாம் நின்று நின்று வருகிற மனிதர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்து சேருவார். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டும், இவர் வழியில் ஒருத்தரையும் விடாமல் ஏற்றி, எல்லாரையும் இறக்கி, பிறகுதான் வந்தாராம். “பிள்ளை பிறந்து, குளிச்சு, ஒரு நித்திரையும் கொண்டு எழும்பியிட்டான், இவர் வந்து சேர” என்று அக்கா சொல்லுவா. சொல்லும்போது சிரிப்பா. அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் வாய் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

ஓய்வு பெற்றபிறகும் அவர் மாறவில்லை. ஒரு பழைய வான் வாங்கினார். இருவருமாகச் சந்தைக்குப் புறப்படுவார்கள். திரும்பும்போது வானில் ஏழு பேர் இருப்பார்கள். அக்கா பின்சீற்றில், யாரோ ஒருவரின் வெங்காய மூட்டைக்கும் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைக்கும் நடுவில்.

அப்படியிருக்க, ஜெர்மனியில் இருக்கிற மகன் ஒருநாள் தொலைபேசியில் சொன்னான்: கோடையில் வாருங்கள், என் காரை இரண்டு கிழமைக்குத் தருகிறேன், நீங்களே ஓட்டுங்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை, ஏரி, காடு எல்லாம் சுற்றிப் பாருங்கள். அவருக்கு அப்போது அறுபத்தேழு, அக்காவுக்கு அறுபத்து மூன்று. இருவருக்கும் முழங்கால் நல்ல முழங்கால். அன்று தொடக்கம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு எழும்பத் தொடங்கியது.

அக்கா கைபேசியில் ஒரு வீடியோவைப் பிடித்துவைத்திருந்தா. சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, இத்தாலிப் பக்கத்தில் ஒரு மலைப்பாதை. மடித்து மடித்து வைத்த நாடா மாதிரி ஏறுகிறது, நாற்பத்தெட்டு வளைவு. உச்சியில் கோடையிலும் பனி. “எண்ணிப் பாத்தனான் தம்பி, சரியா நாற்பத்தெட்டு” என்றா. மேலே காரை விட்டுவிட்டு இன்னும் ஏறி நடக்கவேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். ஏறி நடப்பதற்கு மலையே இல்லாத எங்கள் வன்னியில் எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்த உயரம் குளக்கட்டு ஒன்றுதான். விடிய ஆறு மணிக்கு, மகன் அனுப்பிய வெள்ளைச் சப்பாத்தைக் காலில் மாட்டி, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்கா குளக்கட்டில் ஏறுவா, இறங்குவா, திரும்ப ஏறுவா. ஆடு மேய்க்க வந்தவர்கள் முதலில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறா என்று நினைத்தார்கள். பத்துத் தரம் ஏறினால் ஒரு மலையில் கால்வாசி வரும் என்பது அக்காவின் கணிப்பு.

அண்ணையின் பயிற்சி வேறு மாதிரி. அந்த நாடுகளில் வலது பக்கத்தால் ஓட்டவேண்டும். வாய்க்கால் ஓரத்து வயல் பாதையில் வானை வலது பக்கமாக ஓட்டிப் பழகினார். எதிரே, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் வயலிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர் இந்தப் பக்கம் ஒதுங்க, இவரும் இந்தப் பக்கம் வர, அவர் அந்தப் பக்கம் திருப்ப, இவர் நினைவு வந்து அந்தப் பக்கம் திருப்ப, கடைசியில் இரண்டும் மூக்கோடு மூக்காக நின்றன. கமக்காரர் இறங்கி வந்து, “என்ன அண்ணை, பென்சன் வந்தவுடன றோட்டும் மறந்து போச்சோ?” என்று கேட்டார். “இல்லை, இப்ப நான் ஜெர்மனியில நிக்கிறன்” என்றார் இவர். கமக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் ஜெர்மனிக்காரன்தான் பின்னுக்கு எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு லான்ட்மாஸ்டரில் ஏறிக் குந்திக்கொண்டார்.

வரைபடம் என் வேலையாயிற்று. பின்னேரங்களில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போவேன். முன்விறாந்தையில் கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்து, எழுதுவதற்கு ஒரு கொப்பியோடு அண்ணை காத்திருப்பார். முதல் நாள் நான் ஏரிகளின் பெயர்களை வாசித்தேன். அவர் தலையாட்டினார். இரண்டாம் நாள் டென்மார்க்கிலிருந்து அவருடைய பெரியக்கா பேசினா. தாய் செத்தபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவ. ஐரோப்பாவுக்கு வந்து என்னிடம் வராமல் போவாயோ என்று கேட்டாவாம். அதெப்படி என்றார் இவர். கொப்பியில் முதல் பெயர் விழுந்தது. மறுநாள் பாரிசிலிருந்து சித்தப்பாவின் மகன். பிறகு சுவிசிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி. பிறகு பழைய கொண்டக்டர். அவர் இப்போது ஒல்லாந்தில். ஒரு கிழமைக்குள் கொப்பியில் ஒன்பது வீடுகள். ஒவ்வொருவரும் அங்கேயிருந்து கை காட்டினார்கள். இவர் இங்கேயிருந்தே பிரேக் போட்டார்.

வீடுகள் சேர்ந்ததைக்கூடச் சமாளித்திருப்பேன். ஒழுங்குதான் என்னைக் கொன்றது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்லப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. மூத்தவர் வீட்டுக்குத்தான் முதலில். இளையவரின் வீடு வழியில் இருந்தாலும், தலையைத் திருப்பாமல் கடந்து போய், மூத்தவருக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வரவேண்டும். மாறிப்போனால் இரண்டு தலைமுறைக்குக் கதை நிற்கும். அண்ணை ஐரோப்பாவையும் அப்படித்தான் அடுக்கினார். மகனின் வீட்டிலிருந்து நேரே வடக்கே டென்மார்க். அங்கிருந்து பாரிஸ். சுவிஸ் கிட்ட என்று பார்த்தால், இல்லை, நடுவில் ஒரு மைத்துனர் ஜெர்மனியின் மறுகோடியில் இருக்கிறார், அவர் சுவிஸ் தம்பிக்கு மூன்று மாதம் மூத்தவர். ஆகவே திரும்பி மேலே. பிறகு கீழே. பிறகு ஒல்லாந்துக்காக மறுபடி மேலே. கணினியில் கோடு விழ விழ, ஒரு கண்டம் முழுவதையும் கோழி கிளறிவிட்ட மாதிரி இருந்தது.

“ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம், தம்பி. தேத்தண்ணி மட்டும்” என்றார்.

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. “எந்த வீட்டில உங்களைத் தேத்தண்ணியோட விட்டவை?”

உண்மைதான். ஒரு வீட்டில் புட்டுச் சாப்பிட்டால் மற்ற வீட்டில் சாப்பிடாமல் வரமுடியாது. ஒரு வீட்டில் படுத்தால் மற்ற வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் பாய் இல்லையோ என்று கேட்பார். விசா விண்ணப்பத்தில், பார்க்கப்போகும் இடங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. அதில் தன் கையாலேயே, அழகான எழுத்தில், பெரியக்கா வீடு, சித்தப்பாவின் மகன் வீடு என்று வரிசையாக நிரப்பியிருந்தார். நான் புதிய படிவம் எடுத்து நகரங்களின் பெயர்களை எழுதினேன். ஏதோ பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் முகம் வாடினார்.

பயணத்தின் பதினான்கு நாளும் வீடுகளால் நிரம்பிய அன்று அக்கா வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. வரைபடத்துக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தொட்டுக்கொண்டே போனா. “இதில மலை எங்க, தம்பி?” என்று கேட்டா.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கொப்பியைப் பார்த்தார். அடுத்த முறை போகலாம் என்றார். அறுபத்தேழு வயதில் அடுத்த முறை.

மறுநாள் விடிய குளக்கட்டில் அக்காவைக் காணவில்லை. அடுத்த நாளும் இல்லை. வெள்ளைச் சப்பாத்து பெட்டிக்குள் போய், பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. வேளைக்கு வேளை தேத்தண்ணி வந்தது. எனக்குத்தான் அந்த விறாந்தையில் இருக்க முடியவில்லை. வெயில் இருந்தது, காற்று இருந்தது, கதை மட்டும் இல்லை.

நான்காம் நாள் அவர் தாங்கமாட்டாமல் கேட்டார். “இஞ்சாரும், என்ன கோவம்? எல்லாம் எங்கட சனம்தானே. உமக்கும் விருப்பமான ஆக்கள்தானே.”

அக்கா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. “விருப்பம்தான். எனக்கு எல்லாரிலயும் விருப்பம். ஆனா எங்களைத் தெரிஞ்ச ஒரு ஆளும் இல்லாத ஒரு இடத்துக்கு ஒருக்காப் போகவேணும். ஒரு நாள் எண்டாலும் காணும்.”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கேலியாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். “அங்க போய் ஆரோட கதைக்கிறது?”

“உங்களோட” என்றா அக்கா.

முருங்கையிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை. கொப்பியின் மூலையை மடித்தார், விரித்தார், மடித்தார். நானும் எதையோ தேடுகிறவனாகக் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னிடம் கேட்டார், டென்மார்க்கில் இப்போது எத்தனை மணி என்று.

அதிலும் முறை தவறவில்லை. வரமாட்டேன் என்று சொல்வதையும் மூத்தவரிலிருந்துதான் தொடங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை மகனின் வீட்டுக்கு எல்லாரும் வாருங்கள், அங்கேயே சமைப்போம், அங்கேயே எல்லாரையும் பார்ப்பேன், மற்ற நாட்கள் நாங்கள் இருவருமாகப் போகிறோம் என்று சொல்லிப் பார்த்தார். கைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்தார். பெரியக்கா நிதானமாகக் கேட்டா: “நான் உன்னட்ட வாறதோ, நீ என்னட்ட வாறதோ முறை?”

“நான்தான் வரவேணும், பெரியக்கா. பிழைதான். ஆனா இந்தத் தரம் இவாவோட போறன்.”

“அந்த மலையில அப்பிடி என்ன கிடக்கு?”

அவர் குசினி வாசலைப் பார்த்தார். அக்கா அங்கே நின்றிருந்தா, கையில் அகப்பையோடு.

“ஒருத்தரும் இல்லையாம், பெரியக்கா” என்றார். “அதுதான்.”

மறுபக்கம் பெரியக்கா வைத்துவிட்டா. இவர் கைபேசியை இறக்காமல் கனநேரம் காதோடு பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தரை வழியில் விட்டுவிட்டுப் போவது எப்படியிருக்கும் என்று அந்த மனிதருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கவேண்டும். பிறகு மற்ற எட்டுப் பேருக்கும் எடுத்தார். கொண்டக்டர் மட்டும் சிரித்தாராம், கடைசியில் ஒரு ஸ்டொப்பைத் தவறவிடப் பழகிவிட்டீர்கள், அண்ணை என்று.

விசா வந்தது. போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மகனின் வீட்டு வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லையாம். எட்டு வீட்டுச் சனமும் வந்தது. பெரியக்கா வரவில்லை. அண்ணை இரவு சாப்பாடு வரைக்கும் மணி அடித்தபோதெல்லாம் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார் என்று அக்கா பிறகு சொன்னா.

மலைக்குப் போன கதையையும் அக்காதான் சொன்னா. சுவிஸ் தம்பியின் ஊர் அந்த வழியில்தான் இருந்ததாம், பெருந்தெருவிலிருந்து பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவர் ஞாயிற்றுக்கிழமையே கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். ஊரின் பெயர்ப்பலகை வந்தது. கார் மெதுவானது. காரின் சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. “நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. ஜன்னலால வெளிய பாத்துக்கொண்டு இருந்தனான். சரி, போகட்டும் எண்டும் நினைச்சிட்டன்.” விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் அடித்ததாம். பிறகு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பெயர்ப்பலகை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இவருடைய நெற்றியெல்லாம் வியர்வை. “நாற்பத்தெட்டு வளைவிலயும் விட்ட மூச்சைவிட, இவர் அந்தப் பலகையடியில விட்ட மூச்சுத்தான் கூட” என்று சொல்லி அக்கா சிரித்தா. இந்த முறை அந்தச் சிரிப்பு ஒழுங்காக முடிந்தது.

பெரியக்கா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு தானாகவே எடுத்து, வளைவுகளில் எதிரே பஸ் வந்ததோ, வந்தால் யார் ஒதுங்குவது என்று ஆரம்பித்து முக்கால் மணித்தியாலம் விசாரித்தா. அடுத்த கோடையில் தன்னையும் அங்கே கூட்டிப்போக வேண்டுமாம். அக்கா காதைப் பொத்திக்கொண்டா.

இப்போது அவர்கள் வவுனியாவில், கலியாணம் கட்டிப்போன மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள். அண்ணை அங்கேயும் வானோடுதான் திரிகிறாராம், அங்கேயும் ஏழு பேர்தானாம். அதில் மாற்றமில்லை.

ஆனால் அவர்கள் பயணத்திலிருந்து திரும்பி வந்த கிழமையில் ஒன்று நடந்தது. அன்றைக்கு விறாந்தை நிறையச் சனம். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொரு வளைவாக ஓட்டிக் காட்டினார். சனம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து சிரித்தது. உச்சியில் காரை நிறுத்தினார். பனி என்றார். குளிர் என்றார். ஒரு பாறையில் இருவருமாகப் பின்னேரம் வரைக்கும் இருந்தோம், கைபேசியை நிறுத்தி வைத்திருந்தோம் என்றார்.

அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டேன்.

“இவா கதைச்சவா, தம்பி. கனக்கக் கதைச்சவா. கலியாணம் கட்டின நாளில இருந்து எல்லாம். நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்.”

என்ன கதைத்தா, அண்ணை என்று மறுபடி கேட்டேன்.

வாய் திறந்தார். ஏறின ஆளுக்கும் இறங்கின ஆளுக்கும் ஒரு கதையையும் மிச்சம் வைக்காமல் சொல்லியே பழகின வாய். அக்கா தேத்தண்ணித் தட்டோடு சனத்துக்கு நடுவே குனிந்து குனிந்து வந்துகொண்டிருந்தா. அவர் அவாவைப் பார்த்தார். திறந்த வாயை மூடினார்.

“அது எங்கட கதை” என்றார். பிறகு என்னிடம், தாங்கள் இல்லாத நாட்களில் இங்கே மழை பெய்ததா என்று விசாரிக்கத் தொடங்கினார்.